விடுவதற்கு இனி ஒன்றுமில்லை

"சிஸ்டர், விடறதுக்கு இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்லை. இப்ப எதை விடட்டும்?"

ஜெனோவா இதைக் கேட்டபோது சிஸ்டர் சலேத் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்.

பூசைக்கான அப்பம். கோதுமை மாவை நீர்க்கக் கரைத்து, சூடான இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே ஊற்றி அழுத்தினால், காகிதம் போல ஒரு வெள்ளைத் தகடு வரும். அதிலிருந்து சின்னச் சின்ன வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். மலையைச் சுற்றியுள்ள கோயில்களுக்கெல்லாம் அந்த மடத்திலிருந்துதான் அப்பம் போனது.

சலேத்துக்கு வயது இருபத்தொன்பது. கேள்வி கேட்டவளைவிட இரண்டு வயது சின்னவர்.

மடத்தில் நன்றாகப் பேசத் தெரிந்த மதர் ஒருவர் இருந்தார். ரோமில் படித்துவிட்டு வந்த சிஸ்டர்கூட இருந்தார். ஆனாலும் மனக்கஷ்டம் என்று மலையேறி வருகிறவர்கள், பின்கட்டுக்குப் போய், அப்பம் சுடுகிற அறையில்தான் உட்கார்ந்தார்கள்.

சலேத் லேசில் பதில் சொல்லமாட்டார். அதற்காகவே வந்தார்கள். பதில் மற்ற எல்லா இடத்திலும் கிடைத்துக்கொண்டிருந்தது.

"உட்காருங்க. தட்டு கொதிக்குது. பிள்ளையை அந்தப் பக்கம் இறக்கி விடுங்க."

ஜெனோவா உட்கார்ந்தாள். பிள்ளையை இறக்கவில்லை. பிள்ளைக்கு நாலு வயது ஆகப்போகிறது. இடுப்பில் இருந்தபடியே அதன் கால்கள் அம்மாவின் முழங்காலைத் தொட்டன.

"பேர் என்ன?"

"ஜோவிதா."

"நான் அவளைக் கேட்டேன்."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அம்மா தலையை ஆட்டியதும், "ஜோவிதா," என்றது.

"எதையெல்லாம் விட்டீங்க?" என்று சலேத் தாயிடம் கேட்டார்.

"கதைப் புத்தகம். சினிமா. பாட்டு. பூ வைக்கிறது. பிறகு, வேடிக்கை பார்க்கிறது."

"வேடிக்கைன்னா?"

"மொட்டைமாடியில நின்னு கடலைப் பார்க்கிறது. மழையைப் பார்க்கிறது. எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு பூவரச மரம் இருக்கு. அதைப் பார்க்கிறது."

"சினிமாவை விட்டீங்க, சரி. போஸ்டர்?"

"பஸ்ல ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன்."

"பக்கத்து வீட்டு டிவி?"

"பாட்டுச் சத்தம் வந்தா மிக்சியைப் போட்டுடுவேன்."

"மழை வந்தா?"

"கதவைச் சாத்திடுவேன். கொடியில துணி கிடந்தா குனிஞ்சுக்கிட்டே போய் எடுத்துட்டு வந்துடுவேன்."

"வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"படத்துக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சுட்டார். இப்ப தனியாப் போறார். வந்து கதை சொல்ல ஆரம்பிச்சா நான் காதைப் பொத்திக்குவேன். பாவம், குளியலறையில தனக்குத்தானே சொல்லிக்கிறார்."

"காபி?"

ஜெனோவா தயங்கினாள்.

"அதை விடலை, சிஸ்டர். குடிக்காட்டி மண்டையிடி வரும். பிள்ளையைப் பார்த்துக்க முடியாது."

"அது மாதாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன். சீனி இல்லாமத்தான் குடிக்கிறேன்."

சலேத் சிரிக்கவில்லை. தட்டைத் திறந்து தகட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"முதல்ல இருந்து சொல்லுங்க."

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஒன்பது மாதப் பிள்ளை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. லேசான காய்ச்சல். ஜெனோவா ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அத்தியாயம் முடிந்தது. பிள்ளையைத் தொட்டுப் பார்க்க நினைத்தாள். இன்னும் ஒரு அத்தியாயம் படித்துவிட்டுத் தொடலாம் என்று படித்தாள்.

அதற்குள் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, உதடு நீலமாகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு ஜெனோவா பொருத்தனை பண்ணினாள். மாதாவே, பிள்ளையைக் கொடு, எனக்குப் பிடிச்சது எல்லாத்தையும் விட்டுடறேன்.

பிள்ளை பிழைத்தது.

சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வருவதுண்டு, வளர வளரச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அது ஜெனோவாவின் காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை.

மற்றவர்கள் மொட்டை போடுவதாகப் பொருத்தனை பண்ணுவார்கள். கோயிலுக்கு நடந்து வருவதாகப் பண்ணுவார்கள். மொட்டை போட்டால் முடிந்தது. நடந்தால் முடிந்தது. ஜெனோவா பண்ணியதற்கு ஒரு முடிவு இல்லை. அவசரத்தில் அவள் அதை வைக்க மறந்துவிட்டாள்.

"இப்ப என்ன ஆச்சு?" என்றார் சலேத்.

"போன வாரம் வீட்டுக்காரர் வேர்க்கடலை வாங்கிட்டு வந்தார். கடலையைக் கொட்டிட்டுப் பொட்டலக் காகிதத்தைக் கசக்கப் போனேன். அதுல பாதிக் கதை இருந்தது."

"படிச்சீங்க."

"நின்னுக்கிட்டேதான் படிச்சேன். உட்காரக்கூட இல்லை." அவள் குரல் இறங்கியது. "ஒரு இடத்துல சிரிச்சுட்டேன்."

"பிறகு?"

"மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல்."

"எவ்வளவு?"

"தொண்ணூத்தொன்பது புள்ளி நாலு."

"எத்தனை நாள்?"

"ஒரு நாள்."

"இந்த மூணு வருஷத்துல மொத்தம் எத்தனை தடவை காய்ச்சல் வந்திருக்கும்?"

"ஏழெட்டுத் தடவை."

"அப்பல்லாம் என்ன படிச்சீங்க?"

ஜெனோவா யோசித்தாள்.

"படிக்கலை. ஆனா வேற ஏதாவது நடந்திருக்கும். ஒரு தடவை கோயில்ல பாட்டுக்குக் கையால தாளம் போட்டுட்டேன். இன்னொரு தடவை காலண்டர்ல மாசத்தைத் திருப்பும்போது படத்தைப் பார்த்துட்டேன்."

"என்ன படம்?"

"அருவி."

"நல்லா இருந்துச்சா?"

"அதான் சிஸ்டர் பயம்."

சலேத் வட்டங்களை வெட்டி எடுத்தார். மிஞ்சிய தகடு ஓட்டை ஓட்டையாக, சல்லடை மாதிரி நின்றது. அதை உடைத்துக் கிண்ணத்தில் போட்டுப் பிள்ளையிடம் நீட்டினார்.

"இது வெறும் ஓரம். பூசைக்குப் போகாதது. சாப்பிடு."

பிள்ளை ஒரு துண்டை நாக்கில் வைத்தது. அது கரைந்தது. பிள்ளையின் கண்கள் விரிந்தன. முகம் மலரப் போனது. மலர்வதற்கு முன்னால் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை.

பிள்ளை வாயை மூடிக்கொண்டு, மாத்திரை விழுங்குவது போல விழுங்கியது.

சலேத் அதைப் பார்த்தார். கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழமை வரைக்கும் இங்கே இருங்க."

"எதை விடணும்னு கேட்டேனே, சிஸ்டர்."

"சனிக்கிழமை சொல்றேன்."

அன்று புதன்.

•

வியாழக்கிழமை காலை இருவரும் டம்ளர் கழுவினார்கள்.

"கான்வென்ட்லதானே படிச்சீங்க?"

"ஒண்ணாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரைக்கும்."

"தவக்காலத்துல என்ன விடுவீங்க?"

"ஆரஞ்சு மிட்டாய். நாற்பது நாளும்."

"விட்ட மிட்டாயை என்ன பண்ணுவீங்க?"

"கிளாஸ்ல ஒரு அட்டைப்பெட்டி வச்சிருப்பாங்க. அன்னன்னிக்குத் தின்னாத மிட்டாயை அன்னன்னிக்கு அதுல போடணும். ஈஸ்டர் அன்னிக்குப் பெட்டி அனாதை இல்லத்துக்குப் போகும்."

"பெட்டியில போடாம, சும்மா தின்னாம மட்டும் இருந்தா?"

"எங்க சிஸ்டர் ஒத்துக்க மாட்டாங்க. அது தவம் இல்லை, வீம்புன்னு சொல்லுவாங்க."

சலேத் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"மூணு வருஷமா நீங்க விட்டதெல்லாம் எந்தப் பெட்டியில இருக்கு?"

ஜெனோவா கையில் இருந்த டம்ளரைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

"மாடியில ஒருத்தர் பட்டினி கிடக்கிறார்," என்றார் சலேத். "வாங்க."

•

மாடியில் கிடந்தவர் சிஸ்டர் பெத்ரொனிலா. மடத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஐம்பது வயது. அவர் விசில் ஊதினால் எதிர்மலையில் மேயும் ஆடு நின்றுவிடும் என்பார்கள்.

கண்ணுக்குள் திரை கிழிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. பத்து நாள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. ஒரு கண்ணில் கட்டு. மறு கண்ணுக்குத் தரை. கட்டிலின் தலைமாட்டு விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு வளையத் தலையணையைக் கட்டி, அதில் முகத்தைப் பொருத்திக் கீழே பார்த்தபடி கிடந்தார்.

"யாரது, கால் புதுசா இருக்கு?"

"ஜெனோவா, சிஸ்டர்."

"மெட்டி போட்டிருக்கே. அப்போ மடத்து ஆள் இல்லை. ஏ பிள்ள, நாலு நாளா இந்தத் தரையைத்தான் பார்க்கேன். இதுல பதினோரு விரிசல் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சுட்டேன். ஏதாவது பேசு."

"கதை படிச்சுக் காட்ட வந்திருக்காங்க," என்றார் சலேத்.

"புனிதர் கதையா?"

"உங்க அலமாரியில இருந்து."

தலையணை சிரித்தது.

அந்த அலமாரியில் பதினெட்டு வருஷமாக ஹாஸ்டல் பிள்ளைகளிடமிருந்து பறிமுதல் செய்த நாவல்கள் இருந்தன. பறித்ததெல்லாம் பெத்ரொனிலாதான். ஒன்றைக்கூடப் படிக்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

"இப்ப ஆண்டவர் நேரத்தைக் கொடுத்துட்டுக் கண்ணை எடுத்துக்கிட்டார். அவர் விளையாட்டு எனக்குப் புரியலை, நானும் விளையாட்டு டீச்சர்தான். மேல் தட்டுல யானை படம் போட்டது ஒண்ணு இருக்கும், எடு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ள ஒருத்தி கணக்குப் புத்தகத்துக்குள்ள வச்சுப் படிச்சா. பிடுங்கும்போது அப்படி அழுதா. அப்பவே நினைச்சேன், நல்ல கதையா இருக்கும்னு."

ஜெனோவா புத்தகத்தைத் தொடவில்லை. சலேத்தைத் தேடினாள். சலேத் படியிறங்கிப் போயிருந்தார்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வாய் படிக்கட்டும், மனசு ஜெபமாலை சொல்லட்டும். பிள்ளையைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு, வாயால் நாவலைப் படித்தாள்.

ஒரு சர்க்கஸ். செண்பகம் என்ற யானை. காலையில் கூடாரத்தில் சங்கிலி மட்டும் கிடக்கிறது.

"பெட்டிக்கடைக்காரர், பால்காரர், பந்தல் போட்டவர் எல்லோரும் தேடினார்கள். எங்கும் யானையைக் காணவில்லை ஆமென்," என்று ஜெனோவா படித்தாள்.

"யானைக்கு ஏன் ஆமென்?" என்றது தலையணை.

"தெரியாம வந்துடுச்சு, சிஸ்டர்."

"யானை காணாமப் போயிருக்கு. நீ கரண்ட் பில் வாசிக்கிற மாதிரி வாசிக்கே. உனக்குக் கவலையா இல்லையா?"

"நான் கேட்கக் கூடாது, சிஸ்டர். நீங்க மட்டும் கேளுங்க."

"நீயே கேட்காததை நான் எப்படிட்டி கேட்பேன்?"

•

அன்று சாயங்காலம் ஜெனோவா அப்பம் சுடுகிற அறைக்கு வந்தாள்.

"அவங்களுக்கு நான் படிக்கிறது பிடிக்கலை. நல்லாப் படின்னு திட்டுறாங்க. நல்லாப் படிச்சா எனக்குப் பிடிச்சுப் போயிடும். அவங்களுக்குப் போய்ச் சேரணும், எனக்கு ஒட்டக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

சலேத் மூலையில் கவிழ்த்திருந்த குடத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னால ரோஜாத் தொட்டி இருக்கு. குழாயில தண்ணி பிடிச்சு அதுக்கு ஊத்திட்டு வாங்க. குடத்தோட உள்பக்கம் நனையக் கூடாது."

ஜெனோவா குடத்தை வாங்கிக்கொண்டு குழாயடி வரை போனாள்.

அங்கே வெகுநேரம் நின்றாள். குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். மாதாவின் கெபியைப் பார்த்தாள். மறுபடி குடத்துக்குள் பார்த்தாள்.

இருட்டத் தொடங்கியதும் திரும்பி வந்து, காய்ந்த குடத்தை இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"ரோஜா?" என்றார் சலேத்.

•

வெள்ளிக்கிழமை அவள் ஜெபமாலையை அறையிலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

"முதல்ல ஜன்னல்ல என்ன தெரியுதுன்னு சொல்லு," என்றார் பெத்ரொனிலா.

"ஒண்ணுமில்லை, சிஸ்டர். மரம்."

"ஒண்ணுமில்லாத மரமா? இலை இருக்கா?"

மூன்று வருஷமாக அவள் மரத்தைப் பார்த்ததில்லை. பழக்கம் விட்டுப்போய், எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று முதலில் தெரியவில்லை.

"பேரிக்காய் மரம்," என்றாள். "பாதி வரைக்கும் பனி மூடியிருக்கு. மேல்கிளை மட்டும் வெயில்ல இருக்கு. அதுல ஒரு குருவி. தலை கறுப்பு. வாலைத் தூக்கித் தூக்கி வைக்குது."

"வால் கீழே என்ன நிறம்?"

ஜெனோவா எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"சிவப்பு."

"கொண்டைக்குருவி. தினம் ஏழரைக்கு வந்து, நான் விசில் ஊதினா பதில் ஊதும். அஞ்சு நாளா பாவம், காத்துக்கிட்டிருக்கும். சரி, யானைக்கு வா."

நாவலில் துப்பறிகிறவர் ஒரு தபால்காரர். பெயர் வேலாயுதம். ஊரில் எல்லா வீட்டு விலாசமும் தெரிந்தவர். நாய் என்றால் பயம். யானை காணாமல் போன ராத்திரி ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை என்பதை அவர் மட்டும்தான் கவனித்திருந்தார்.

ஜெனோவா படிக்கப் படிக்க அவள் குரல் மாறியது. இன்ஸ்பெக்டருக்குத் தொண்டையைக் கட்டிக்கொண்டு பேசினாள். தபால்காரருக்கு மூச்சு வாங்கப் பேசினாள். தபால்காரர் நாய்க்குப் பயந்து சைக்கிளோடு மரத்தில் ஏற முயன்ற இடத்தில், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

கிண்கிணியென்று, நிற்காமல் ஓடிய சிரிப்பு.

யார் சிரிக்கிறார்கள் என்று ஜெனோவாவுக்கு முதலில் தெரியவில்லை. அந்தச் சிரிப்பை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

குனிந்து பார்த்தாள். பிள்ளை கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தது. அதன் முகத்துக்கு நேர்மேலே, தலையணை வளையத்தில், பெத்ரொனிலாவின் முகம். பெத்ரொனிலா ஒற்றைக் கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பி, நாய்க்குப் பயந்த தபால்காரராக ஆகியிருந்தார்.

அங்கே படுத்திருந்தால் அம்மாவின் முகம் தெரியாது.

ஜெனோவா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுத்து மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படித்தாள். அடுத்த வரியில் தபால்காரரின் வேட்டி கிளையில் மாட்டிக்கொண்டது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அப்படி வா வழிக்கு," என்றார் பெத்ரொனிலா.

மத்தியானம் அவர் சினிமாக் கதை கேட்டார். வயிற்றுப் பிள்ளையோடு கடைசியாகப் பார்த்த ஒரு படத்தை ஜெனோவா சொன்னாள். சண்டைக் காட்சி வந்ததும் எழுந்து நின்று, துடைப்பத்தைக் கையில் எடுத்துச் சொன்னாள்.

அன்றிரவு பிள்ளையின் அக்குளில் மூன்று தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள்.

காய்ச்சல் இல்லை.

•

சனிக்கிழமை மத்தியானம் கதை ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது.

யானையின் காலடித் தடம் கரை வரைக்கும் போகிறது. அதற்குமேல் இல்லை. எதிர்க்கரையிலும் இல்லை.

"ஆத்தோட நீந்திப் போயிருக்கும்," என்றார் பெத்ரொனிலா.

"இல்லை, சிஸ்டர். லாரி. மூணாம் அத்தியாயத்துல ஒரு ஐஸ் கம்பெனி லாரி வந்துச்சே. கடல் இல்லாத ஊருக்கு அத்தனை ஐஸ் எதுக்கு?"

"அட, ஆமா."

"அதுக்குள்ளதான் ஏத்தியிருக்கான். சத்தியமா லாரிதான்."

"நீ சொல்லாதே, படி."

ஜெனோவா பக்கத்தைத் திருப்பினாள். கட்டிலுக்கு அடியில் சத்தமே இல்லை. தூங்கிவிட்டது என்று நினைத்தாள். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரிக்கு வந்தாள்.

நின்றாள். புத்தகத்தை அப்படியே கட்டிலில் போட்டுவிட்டுக் குனிந்து பிள்ளையைத் தொட்டாள்.

உடம்பு சுட்டது.

•

மருந்தறைச் சிஸ்டர் தெர்மாமீட்டர் வைத்தார். நூற்றொன்று. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டை சிவந்திருந்தது. மருந்து ஊட்டினார். நெற்றியில் ஈரத் துணி போட்டார்.

"தொண்டைக் காய்ச்சல்தான். மலைக்குளிர் ஒத்துக்கலை. ஒரு மணி நேரம் பார்ப்போம். ஏறுற மாதிரி தெரிஞ்சா ஜீப்ல ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். டிரைவர்கிட்டச் சொல்லி வைக்கிறேன்."

ஜெனோவா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பம் சுடுகிற அறைக்குப் போனாள்.

"சனிக்கிழமை ஆச்சு," என்றாள். "சொல்லுங்க."

சலேத் தட்டை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

"உட்காருங்க."

ஜெனோவா தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"நேத்து சிரிச்சேன். துடைப்பத்தை எடுத்துச் சண்டை போட்டேன். இன்னிக்கு லாரிதான்னு சத்தியம் பண்ணேன். கடைசியில அன்னிக்கு மாதிரியே, இன்னொரு அத்தியாயம் படிக்கப் போனேன், சிஸ்டர். எனக்குப் பிடிச்சுப் போச்சு. அதான். எதை விடணும்னு சொல்லுங்க. இப்பவே விட்டுடறேன்."

சலேத் பேசவில்லை.

"காபியை விட்டுடறேன்."

அடுப்பில் கரி சரிந்தது.

"அது போதாதுன்னு எனக்கே தெரியும்." ஜெனோவா பிள்ளையின் நெற்றித் துணியைத் திருப்பிப் போட்டாள். "ஒண்ணு பாக்கி இருக்கு. மாதாகிட்டக்கூட அதைச் சொல்லலை. ஒளிச்சு வச்சிருந்தேன்."

"எது?"

"இவதான். இவளைக் கொஞ்சுறது. பகல்ல பயந்துக்கிட்டு இருப்பேன். இவ தூங்கின பிறகு கழுத்துக்கிட்ட மூக்கை வச்சு மோந்து பார்ப்பேன். காலை எடுத்துக் கன்னத்துல வச்சுக்குவேன். எனக்குப் பிடிச்சது எல்லாத்தையும்விட அதுதான் பிடிச்சது. அதை மட்டும் விடாம, மத்ததை எல்லாம் விட்டுட்டு ஏமாத்திக்கிட்டிருந்தேன்."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"இனிமே குளிப்பாட்டுவேன். சோறு கொடுப்பேன். மருந்து கொடுப்பேன். அதோட சரி. தூக்க மாட்டேன். முத்தம் கொடுக்க மாட்டேன். அதை விட்டுடறேன்."

சலேத் கையில் ஒட்டியிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தார். எழுந்து வந்து அவள் முன்னால் முழங்கால் போட்டார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சரி. கொடுங்க."

ஜெனோவா நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்டுடறேன்னு சொன்னீங்களே. கொடுங்க. இனிமே நான் தூக்கிக்கறேன்."

நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன.

ஜெனோவாவின் கைகள் அசைந்தன. கொடுப்பதற்கு அல்ல. பிள்ளையைச் சுற்றி இறுகின. விடு என்றது மனசு. விரல்கள் கேட்கவில்லை. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக மறுத்தது.

இறுக்கத்தில் பிள்ளை விழித்துக்கொண்டது. நெற்றித் துணி நழுவி விழுந்தது.

"அம்மா."

"இங்கதான் இருக்கேன். பேசாதே, கண்ணு. காய்ச்சல் அடிக்குது."

"யானை கிடைச்சுதா?"

ஜெனோவா சலேத்தைப் பார்த்தாள். சலேத்தின் முகத்தில் ஒரு உதவியும் இல்லை.

"இன்னும் இல்லை," என்றாள் பிள்ளையிடம்.

"லாரிக்குள்ள இருக்கா?"

"அம்மா அப்படித்தான் நினைக்கிறேன்."

பிள்ளை வறண்ட உதட்டை நக்கிக்கொண்டது.

"ஐஸ் லாரில அதுக்குக் குளிராதா?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. லாரியைக் கண்டுபிடித்தது அவள்தான். சத்தியம் செய்தது அவள்தான். உள்ளே இருக்கும் யானைக்குக் குளிருமே என்று தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை, இன்ஸ்பெக்டருக்கும் தோன்றவில்லை, வேலாயுதத்துக்கும் தோன்றவில்லை. காய்ச்சலில் கிடக்கிற இந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

பிள்ளை பதிலுக்காக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெனோவா அதன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். உதடு சுட்டது. துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கி, இன்னும் நீட்டியபடி இருந்த அந்தக் கைகளில் வைத்தாள்.

சலேத் இதை எதிர்பார்க்கவில்லை. கைகள் ஒரு கணம் தடுமாறின.

"தலையைத் தாங்கிப் பிடிங்க, சிஸ்டர். கழுத்து மடிப்புல துணியை ஒத்தி ஒத்தி எடுங்க. சூடு ஏறினா கூப்பிடுங்க. நான் இதோ வந்துடறேன்."

"எங்கே போறீங்க?"

ஜெனோவா அதற்குள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"புத்தகம் மேலே இருக்கு," என்று அவள் குரல் மட்டும் கீழே வந்தது. "எனக்கும் தெரியணும்."